கடலோடி மீண்ட நம்மவர்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியப் பொருள் ஒன்றைப் பேசிச் செல்வது எம் வழக்கம். தமிழ் கற்பித்து வாழும் எம்மிடத்து நீவிரும் அதனையே எதிர்பார்ப்பீர். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்றும் சிறிது விலகத் துணிந்தோம். யாம் இன்று பேசப் புகுவது புலவர் ஒருவரைப் பற்றியன்று. புரவலர் ஒருவரைப் பற்றியும் அன்று. நம் ஊர்க் கண்மாய்க்கரையிற் பிறந்து, போர்க்காலத்திற் கடற்படை புகுந்து, மீண்டு வந்து, பேசாது வாழ்ந்து, பேசப்படாது மறைந்த ஒருவரைப் பற்றியதாகும். அவர் எம் பாட்டனாரின் இளவல். அவர்தம் பெயரை ஈண்டுக் கூறுகின்றிலோம். தம்மைப் பிறர் புகழ்ந்து பேசுதலை அவர் விரும்பினாரல்லர். அன்றியும் இஃது அவர் ஒருவர்க்கே உரிய வரலாறும் அன்று. இங்கே அமர்ந்திருப்போர் சிலர்தம் இல்லங்களிலும் அத்தகையார் ஒருவர் இருந்திருத்தல் கூடும். பிழை காணின் பொறுத்தருள்க.

ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் கடலறியா ஊர்கள். மேற்கே மலைத்தொடர் வானளாவி நிற்க, கிழக்கே கரிசல் விரிந்து கிடக்கின்றது. நம் முன்னோர் அறிந்த நீர்ப்பரப்பெல்லாம் கண்மாயே. திருச்செந்தூர்க்கு நேர்த்திக்கடன் செலுத்தச் சென்றார் கடலைக் கண்டனர். செல்லாதார் காணாமலே மாய்ந்தனர். ஆயினும் கடல் நம் நினைவிற்கு அயலானது அன்று. வில்லிபுத்தூரிற் பிறந்த கோதை நாச்சியார், கடலிற் பிறந்த சங்கினை விளித்துப் பத்துப் பாசுரம் பாடினார். மழை வேண்டிய திருப்பாவைப் பாசுரத்தில், கடலுட் புகுந்து நீர் முகந்து வருமாறு மழைக்கு இறைவனை வேண்டினார். கண்மாய் நிறைதற்குக் கடலே முதல் என்பது இவ்வூரார் அறிந்த உண்மை.

இன்னும் பழமை நோக்கின், ஆசிரியர் தொல்காப்பியனார் கடற்செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை எனக் கூறினார். ஒரு செயலுக்கு இலக்கணம் வகுக்கப்படுமாயின், அச்செயல் நாட்டில் நிகழ்ந்தது என்பது தேற்றம். நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி என வகைவகையாகப் பெயரிட்டு வழங்கிய மக்களே பிற்காலத்தில் கடல் கடத்தல் ஆகாது என்றும், கடந்தான் குலத்திற்கு ஆகான் என்றும் பேசத் தலைப்பட்டனர். 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார்கள். அந்நாளில் நம் ஊர்கள் திருநெல்வேலி ஜில்லாவிற் சேர்ந்திருந்தன. 1910-இல்தான் இராமநாதபுரம் ஜில்லா பிரிந்தது. ஆகவே அக்கப்பல் நம் ஜில்லாவின் கப்பலே. எனினும் நம் இல்லங்களிற் கடலைப் பற்றிய அச்சம் அதனால் நீங்கிற்றில்லை.

இனி, போர்க்காலத்திற்கு வருவோம். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது ராயல் இந்தியக் கடற்படை மிகச் சிறியது. கப்பல்கள் பத்துக்கும் குறைவு; ஆட்கள் இரண்டாயிரத்திற்கும் குறைவு. அவருள்ளும் பெரும்பாலார் இரத்தினகிரிக் கரையினரும் பஞ்சாபியரும் ஆவர். 1945-இல் போர் முடிந்த காலத்தோ நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களும் ஏறத்தாழ 30,000 பேரும் அப்படையில் இருந்தனர். ஆறே ஆண்டில் இவ்வாறு பெருகவேண்டின், கடலறியா ஊர்களினின்றும் ஆள் திரட்டியே ஆகல் வேண்டும். சென்னை மாகாணத்து இளைஞரும் அங்ஙனம் திரட்டப்பட்டனர்.

1942 ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பிலும், 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் நாள் திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு வீசினர். அதே 6-ஆம் நாள் பர்மாவின் அக்யாப் துறைக்கு அணித்தே ‘இண்டஸ்’ என்னும் இந்தியப் போர்க்கப்பல் வான்குண்டுக்கு இரையாயிற்று. சென்னை நகரத்தார் வீடு வாசல் விட்டு உள்ளூர்ப்புறம் நோக்கி ஓடினர். நகரத்தார் கடற்கரையை விட்டு ஓடிய அவ்வாண்டிலேதான், எம் சிறிய பாட்டனார் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டார்.

வீரத்தாற் புறப்பட்டார் என்று கூற எமக்கு ஆசையுண்டு. ஆயின், “வயித்துக்குத்தான் போனேன், தம்பி, வீரத்துக்கு இல்லை” என்று அவரே எம்மிடம் கூறியிருக்கின்றார். பருத்தி பொய்த்தது, கடன் மிகுந்தது, ஒரு வாய் குறைந்தால் வீட்டிற்கு நலம் என்று எண்ணினார். 1927-இல் திறக்கப்பட்ட விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை நம் ஊர்க்கு அருகே செல்வது. ஒரு நாள் விடியலில் அவ்வண்டியேறினார். தாயார்க்கு மட்டும் சொல்லிச் சென்றார். அவ்வம்மையார் மகனை வாழ்த்தி விடுத்தனர். பின்னர் உறவினர் பழித்தபோது, தாம் அறியேம் என்று பொய்யும் கூறினர்.

சென்னையிற் கடலை முதன்முதற் கண்டார். பின் கராச்சிக்கு அனுப்பப்பெற்றார். கராச்சித் துறைமுகத்தின் வாயிலில் மனோரா என்னும் தீவு உளது. கடற்படைப் பள்ளிகள் பல ஆங்கே இருந்தன. பயிற்சி முடிந்தபின் கடற்கண்ணி வாரும் சிறு கப்பல் ஒன்றில் அவரைச் சேர்த்தனர்.

கண்ணி வாருதலாவது யாது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று. பகைவர் துறைமுக வாயில்களில் வெடிமருந்து நிறைத்த இரும்புக் கோளங்களை இடுவர். கோளம் மிதக்கும் இயல்பினது. அதனைக் கடலடியிற் கிடக்கும் பாரத்தோடு இரும்புக் கயிற்றாற் பிணித்து, நீர்மட்டத்திற்குச் சிறிது கீழே மறைந்து நிற்குமாறு செய்வர். கப்பல் முட்டின் வெடிக்கும். இவற்றை நீக்கும் கப்பலோ தன் பின்புறத்தினின்றும் நீண்ட எஃகு வடத்தைப் பக்கவாட்டில் விரித்து இழுத்துச் செல்லும். வடம் வேண்டிய ஆழத்தில் நிற்கவும், கப்பலை விட்டு விலகி விரியவும் மிதவையும் பலகைப்பொறியும் உண்டு. வடத்திற் பூட்டிய வெட்டுக்கருவி கண்ணியின் கயிற்றை அறுக்கக் கோளம் மேலே மிதந்து வரும். எட்டி நின்று துப்பாக்கியாற் சுட்டு அதனை வெடிக்கச் செய்வர், அன்றேல் அமிழ்த்துவர். கப்பல்கள் வரிசையாகச் செல்லும்; பின்வருவது முன்சென்றது வாரிய தடத்திலேயே நடக்கும். உழவன் படைச்சாலை ஒட்டிப் படைச்சால் ஓட்டுவது போன்றது என்று எம் பாட்டனார் கூறுவார். ஆயின் முதற்சால் ஓட்டும் கப்பலுக்குக் காப்பு யாதும் இல்லை. இத்தொழிலிற் பேரொலியும் பெரும்புகழும் இல்லை. பெருங்கப்பல்கள் அச்சமின்றித் துறை புகுந்தன என்பதே இதன் பயன்.

அத்தகைய சிறுகப்பல் ஒன்று செய்த போர் உலகறிந்தது. பம்பாய், பஞ்சாப், மதராஸ், பெங்கால் எனப் பெயரிய கண்ணிவாரிக் கப்பல்கள் நான்கு ஆஸ்திரேலியாவில் இந்தியக் கடற்படைக்கெனக் கட்டப்பெற்றன. அவற்றுள் ‘பெங்கால்’ 1942 நவம்பர் 11-ஆம் நாள், ‘ஓண்டினா’ என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக வந்துகொண்டிருந்தது. கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நெடுந்தொலைவில் ஜப்பானியப் போர்க்கலம் இரண்டு எதிர்ப்பட்டன. அவை ஒவ்வொன்றும் பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்டவை. பெரும்பீரங்கி பல உடையவை. பெங்காலோ அவற்றிற் பதினைந்தில் ஒரு பங்கும் இல்லாதது. அதன் பெரிய துப்பாக்கி மூன்றங்குல வாயுடையது ஒன்றே. எண்ணெய்க் கப்பலைத் தப்பிச் செல்ல விடுத்துத் தான் பகைவரை நோக்கித் திரும்பிற்று அச்சிறுகலம். போர் முடிவில் ‘ஹொகொகு மாரு’ என்னும் ஜப்பானியக் கப்பல் வெடித்து மூழ்கிற்று, மற்றையது அகன்றது. பெங்கால் தீயும் துளையும் பட்டும் டீகோ கார்சியாத் தீவை அடைந்தது. ஓண்டினாவும், தன் தலைவரை இழந்தும், ஆஸ்திரேலியக் கரை மீண்டது. மூழ்கடித்த குண்டு எக்கப்பலினது என்று இன்றும் வாதிப்பார் உளர். சிறியது பெரியதை எதிர்த்து நின்றது என்பதில் வாதமில்லை.

1945 ஜனவரியில் பர்மாவின் அரக்கான் கரையில் நிகழ்ந்த போர்களில் ‘ஜம்னா’, ‘நர்பதா’ என்னும் கப்பல்கள் முன்நின்றன. அப்படையின் கப்பல்கள் பலவும் நம் நாட்டு ஆற்றின் பெயர் பூண்டவை. காவேரியும் கோதாவரியும் கிருஷ்ணையும் கடலில் மிதந்து போர் செய்தன என்க.

1946-இல் எம் சிறிய பாட்டனார் ஊர் மீண்டார். ஊரார் அவரை எவ்வாறு எதிர்கொண்டனர்? “எம்டன் வந்துவிட்டான்” என்றனர். எம்டன் என்பது ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு அது சென்னைத் துறைமுகத்தருகே வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. அந்நாள் தொட்டுத் தமிழ்நாட்டில் சூழ்ச்சிக்காரனை எம்டன் என்பது வழக்காயிற்று. பகைவரிடமிருந்து துறைமுகங்களைக் காத்து வந்தவர்க்குப் பகைவர் கப்பலின் பெயரையே நம்மவர் இட்டனர்! அவர் சினந்தாரல்லர். அப்பெயரோடே ஐம்பது ஆண்டு வாழ்ந்தார்.

கடலிற் கற்றவற்றுள் ஒன்றே ஊருக்குப் பயன்பட்டது. கமலை வடம் அறுந்தால் முடிச்சிட்டு இணைப்பது நம் உழவர் வழக்கம். முடிச்சு உருளையிற் சிக்கும். அவரோ இருமுனையின் பிரிகளையும் அவிழ்த்து, ஒன்றினுள் ஒன்றைக் கோத்து, இணைத்த இடம் தெரியாவண்ணம் பின்னித் தருவார். அக்கம்பக்கத்துத் தோட்டத்தாரெல்லாம் வடம் அறுந்தால் அவரிடம் வருவர். கூலி பெறார். பின்னர் மின்சாரப் பம்புகள் வந்தன, கமலை மறைந்தது, அவரைத் தேடி வருவாரும் அரியராயினர்.

இனி எம் குற்றத்தைக் கூறுதல் வேண்டும். யாம் பள்ளி மாணாக்கராயிருந்த காலத்துப் பேச்சுப்போட்டி ஒன்று நிகழ்ந்தது. தலைப்பு, தமிழர் கடலாட்சி. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடாரம் கொண்ட வரலாற்றை மனப்பாடம் செய்தோம். நிகண்டு புரட்டிக் கப்பலின் பெயர்களைத் திரட்டினோம். கடலில் நான்காண்டு வாழ்ந்தவர் எம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார். அவரிடம் ஒரு சொல் கேட்டோமில்லை. பேச்சை வீட்டிற் பலமுறை ஒப்பித்தோம். ஒரு நாள் முழுவதும் கேட்டிருந்த அவர், “அந்தக் கப்பல்ல எத்தனை பேருக்குச் சோறு ஆக்கினாங்க, தம்பி? நல்ல சோறா?” என்று வினவினார். யாம் நகைத்தோம். வீட்டாரும் நகைத்தனர். அவர் மீண்டும் வாய் திறந்தாரல்லர். போட்டியில் எமக்கு முதற்பரிசு கிடைத்தது.

அவ்வினாவின் பொருள், அவர் மறைந்து பல்லாண்டு கழிந்தபின், 1946-ஆம் ஆண்டின் வரலாற்றைப் படித்தபோதுதான் எமக்குப் புலப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் பம்பாயில் ‘தல்வார்’ என்னும் கடற்படைப் பள்ளியின் மாலுமிகள் வேலை நிறுத்தம் செய்தனர். உண்ணத்தகாத உணவும், அதிகாரிகளின் இழிசொல்லும், வெள்ளை மாலுமிகட்கும் தமக்கும் இடையே இருந்த வேற்றுமையும் அவர்தம் குறைகள். உணவில்லையேல் வேலையில்லை என்பதே அவர்கள் எழுப்பிய முதற்குரல். சில நாளில் அது கராச்சி, கல்கத்தா, சென்னை எனப் பரவிற்று. ஏறத்தாழ 78 கப்பல்களும், 20 கரைநிலையங்களும், 20,000 மாலுமிகளும் அதிற் கலந்தனர் என்பர். எம். எஸ். கான் என்பவர் வேலைநிறுத்தக் குழுவின் தலைவர். மதன் சிங் என்பவர் துணைத்தலைவர். இஸ்லாமியரும் சீக்கியரும் இந்துக்களும் ஒருங்கே நின்றனர். இந்திய தேசியப் படையினரை விடுவிக்குமாறும், இந்தோனேசியாவினின்றும் இந்தியப் படைகளைத் திரும்ப அழைக்குமாறும் கோரினர். சோற்றிலே தொடங்கியது சுதந்திரத்திலே சென்று நின்றது.

சர்தார் வல்லபாய் பட்டேல் அவர்கள் சரணடையுமாறு அறிவுறுத்த, பிப்ரவரி 23-ஆம் நாள் மாலுமிகள் பணிந்தனர். படையில் ஒழுங்கு குலைதல் ஆகாது, சுதந்திர இந்தியாவிற்கும் படை வேண்டும் என்பது பட்டேல் அவர்களின் கருத்து. அதனை நாம் எளிதில் தள்ளுதற்கில்லை. ஆயினும், பழிவாங்கல் இராது என நம்பிப் பணிந்தவருள் 476 பேர் வேலையினின்றும் நீக்கப்பட்டனர். சுதந்திரம் வந்தபின்னும் இந்தியக் கடற்படையோ பாகிஸ்தான் கடற்படையோ அவர்களை மீண்டும் ஏற்றுக்கொண்டதில்லை. 2001-ஆம் ஆண்டில்தான் மும்பை கொலாபாவில் அவ்வெழுச்சிக்கு நினைவுச்சின்னம் எழுந்தது.

எம் சிறிய பாட்டனார் அம்மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் இருந்தார் என்பதைக் குடும்பத்தார் அறிவர். அவர் நீக்கப்பட்டவருள் ஒருவரோ? அன்றிப் போர் முடிந்தமையால் முறைப்படி விடுவிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவருள் ஒருவரோ? இதற்கு விடை தருவது அவருடைய விடுவிப்புச் சான்றிதழ் ஒன்றே. படைவீரன் எக்கப்பல்களிற் பணி புரிந்தான், அவன் நடத்தை எத்தகையது, எக்காரணத்தால் விடுவிக்கப்பட்டான் என்பனவெல்லாம் அத்தகைய காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும். அஃது அவருடைய தகரப்பெட்டியில் இருந்தது. அவர் மறைந்த மறு பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது, அப்பெட்டியைத் திறந்தவர் யாமே. கறையான் அரித்த ஆங்கிலக் காகிதங்களைக் கண்டோம். பயனற்றவை என்று எண்ணி, எம் கையாலேயே குப்பைக்குழியிலிட்டுத் தீ வைத்தோம். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிக் காத்த உ. வே. சாமிநாதையர் அவர்களைப் பற்றி ஆண்டுதோறும் மாணாக்கர்க்குக் கண்ணீர் மல்கப் பாடஞ் சொல்லும் யாம் செய்த செயல் இது.

அன்பர்காள்! இதனை எம்மை நொந்துகொள்ளுதற்காக மட்டும் கூறினோமல்லோம். நம் சங்க இதழின் பழந்தொகுதிகளை அண்மையிற் புரட்டிப் பார்த்தோம். நன்கொடையாளர் பெயர் உண்டு. தேர்விற் சிறந்தோர் பெயர் உண்டு. திருமண வாழ்த்துகள் பக்கம் பக்கமாக உண்டு. போர்க்களத்திற்கும் கடலுக்கும் சென்று வெறுங்கையோடு மீண்டவர் ஒருவர் பெயரும் இல்லை. பொருளோடு வந்தவரை மாலையிட்டு வரவேற்றோம். புண்ணோடு வந்தவரை எம்டன் என்றோம்.

‘வெள்ளையனுக்காகப் போர் செய்தவர்க்கு மதிப்பு எதற்கு?’ என வினவுவார் உளர். நேர்மையான வினாவே. அக்காலத்து நம் இராஜபாளையம் பூ. ச. குமாரசுவாமி ராஜா அவர்களைத் தந்தது. அவர்கள் விடுதலைப் போரிற் சிறை சென்று, 1949-இல் சென்னை மாகாண முதன்மந்திரியாகி, தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்தார்கள். சிறைக்குச் சென்றவரை மதிக்கும் ஊர் கப்பலுக்குச் சென்றவரை இகழ்தல் வேண்டுமென்பதில்லை. வயிற்றுக்காகச் சென்றவரே ஆயினும், அவர் வாரிய கண்ணி எந்நாட்டு மாலுமியின் உயிரையும் காத்ததன்றோ? அவ்விளைஞரே 1946-இல் ஆங்கில அரசின் அடித்தளத்தை அசைத்தவரும் அன்றோ? மும்பை மாலுமியர் இல்லத்தில் ஒரு நினைவிடம் உளது. கடலையன்றிக் கல்லறை பெறாத, பிரிவுபடாத இந்தியாவின் மாலுமிகள் 6,000-க்கு மேற்பட்டோரை அது நினைவூட்டுகின்றது. அவருள் பெரும்பாலார் சரக்குக் கப்பல்களில் உழைத்த எளிய மக்கள். அவர்களும் வயிற்றுக்காகச் சென்றவரே.

ஆதலின் இச்சபையின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். ஒன்று: நம் சங்கத்தில் ஒரு பதிவேடு திறத்தல் வேண்டும். தரைப்படை, கடற்படை, வான்படை, சரக்குக் கப்பல் என எப்பணிக்குச் சென்றிருப்பினும், நம்மவர் பெயரை அதில் எழுதுக. இரண்டு: பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் பழங்காகிதங்களை எரிக்கற்க, விற்கற்க. ஆங்கிலம் படிக்கத் தெரியாதெனில் சங்கத்திற்குக் கொணர்க. யாம் படித்துத் தருவோம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற் கேட்டறியவும் துணை வருவோம். மூன்று: இளைஞர்காள்! உங்கள் திண்ணையில் இருப்பவரிடம் ஒரு மாலை அமர்ந்து கேளுங்கள். போரில் எத்தனை பேரைக் கொன்றீர் என்று கேளற்க; என்ன உண்டீர், எங்கே உறங்கினீர், யாரை நினைத்தீர் என்று கேளுங்கள். போருக்குச் சென்றவர் மறைந்திருப்பினும், அவர்தம் மனைவியரும் மக்களும் கூறுவனவற்றை எழுதுங்கள்.

அவருடைய பொருள்களுள் எம்மிடம் எஞ்சியது ஒன்றே. அவர் பின்னிய கமலை வடத்துண்டு ஒரு முழம். இதோ, இம்மேசைமீது வைத்திருக்கின்றோம். கூட்டம் முடிந்தபின் கையில் எடுத்துப் பாருங்கள். இணைத்த இடம் எதுவென்று கண்டுபிடித்தல் அரிது.

பதிவேட்டின் முதற்பக்கத்தை எழுதும் உரிமையை மட்டும் எமக்கு அருளல் வேண்டும். இம்மேடையிற் கூறாத அப்பெயரை அங்கே எழுதுவோம். விடுவிக்கப்பட்ட காரணம் என்னும் இடத்தை வெறிதே விட்டு, அஃது எம்மால் வெறிதாயிற்று என்று அருகே குறிப்போம். எஞ்சிய பக்கங்கள் அவ்வாறு வெறுமையாகாமற் காத்தல் நும் கடன்.

வாழ்க நம் குலம்! வளர்க நம் சங்கம்!